கண் அழுத்த நோயில் (குளுக்கோமா) விசை காரணமா, விளைவா?

வைகைக்கரையான்:
உசிலம்பட்டிப் பக்கம் நடந்த கண் முகாமில், கண்ணின் உள் அழுத்தம் இயல்பைவிட மிகுந்து 26 மி.மீ. பாதரசம் காட்டிய என் சித்தப்பாவுக்குப் பார்வை நரம்பில் பாதிப்பே இல்லை என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கோ அழுத்தம் இயல்பான 16தான், ஆனால் ஓரப்பார்வை குறைந்துவிட்டது. உயிரணுக்களின் மீது செயல்படும் விசையே நோய்களுக்கு வேர் என்று இக்குழுவில் எழுதப்படுவதை, ஆகவே, நான் ஏற்கவில்லை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அழுத்தம் மிகுந்திருந்தும் மருந்து எடுக்காதவர்களில் ஐந்து ஆண்டுகளில் நோய் கண்டவர்கள் 9.5 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள்?

திருநகர் இயற்பியலார்:
ஐயா, அதே ஆய்வில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்களிடம் அந்த விகிதம் 4.4 ஆக இருந்ததை விட்டுவிட்டீர்கள். ஒரே அளவு நீர் நிற்கும் இரண்டு கண்மாய்களில் ஒன்றின் கரை மட்டும் உடைந்தால், நீரின் அழுத்தத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்வீர்களா? பார்வை நரம்பின் ஏறத்தாழ பத்து லட்சம் இழைகள், கண்ணின் பின்புறமுள்ள சல்லடைத் தட்டின் துளைகள் வழியே வெளியேறுகின்றன. அத்தட்டு பின்னோக்கி வளையும்போது இழைகள் நெருக்குண்பதோடு, அங்குள்ள துணை உயிரணுக்களும் அந்த இழுவையை உணர்ந்து நார்ப்பொருளை மிகுதியாகச் சுரப்பதால் தட்டு மேலும் விறைக்கிறது. அந்த அம்மாவைப் போல இயல்பான அழுத்தத்திலேயே நோய் கண்டவர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவம் பெறாதோரில் 35 சதவீதத்தினருக்கு நோய் முற்றியது. அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்தவர்களில் 12 சதவீதத்தினருக்குத்தான்.

கோரிப்பாளையம் மருந்தாளுநர்:
நான் வைகைக்கரையான் பக்கம். கண் அரிப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுவோர் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. (கேட்டால், போன முறை கொடுத்தீர்களே என்பார்கள்.) கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வலைத்திசுவில் அம்மருந்து, உயிரணுக்களுக்குள் சட்டகம்போல் இருக்கும் ஆக்டின் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன வைக்கிறது, உயிரணுக்களுக்கு வெளியே புரதம் படிகிறது, வலை விறைத்து வடிகால் தடைபடுகிறது. தொடங்கி வைத்தது வேதிப்பொருள். விறைப்பு அதன் விளைவு.

திருநகர் இயற்பியலார்:
தொடக்கம் எதுவாகவும் இருக்கட்டும். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நெட்டார்சுடில் என்னும் மருந்து உயிரணுக்களைச் சுருங்கவைக்கும் ரோ கைனேஸ் நொதியைத் தடுத்து, அதே வலை உயிரணுக்களின் சுருங்குவிசையைத் தளர்த்துகிறது. நீர் வடிகிறது, அழுத்தம் இறங்குகிறது. விசை வெறும் விளைவு என்றால், அதைத் தளர்த்துவதில் பலன் ஏன் கிடைக்க வேண்டும்?

வைகைக்கரையான்:
அம்மருந்து, அந்நீர் போய்ச் சேரும் வெண்விழிப் பரப்பிலுள்ள சிரைகளின் அழுத்தத்தையும் குறைக்கிறது என்பதால், பலன் முழுவதையும் உங்கள் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் வடிகால் வலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். சல்லடைத் தட்டின் நிலை வேறு. இன்று கையிலுள்ள மருந்துகளும் அறுவை முறைகளும் கண்ணின் அழுத்தத்தைத்தான் குறைக்கின்றன; அத்தட்டின் விறைப்பை நேரடியாக மாற்றி நரம்பைக் காக்கும் மருத்துவம் நடைமுறைக்கு வரவில்லை. அது வரும்வரை இரத்த ஓட்டத்தையும் மரபணுவையும் வயதையும் ஓரங்கட்டிவிட்டு விசையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் உடன்பட மாட்டேன்.