சுவிட்சர்லாந்துக்கு எந்த ரயில் பாஸ் எடுக்கலாம்?

வணக்கமுங்க. காலாண்டு லீவில் கோபியிலிருந்து குடும்பமாகச் சுவிட்சர்லாந்து கிளம்புகிறோம். தங்குவது இன்டர்லாகனில், ஒரு பக்கம் துன் ஏரி, மறுபக்கம் பிரியென்ஸ் ஏரி.

ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் அடக்கம். லூசர்ன் பக்கம் ரிகி மலைக்கும் தனி டிக்கெட் வேண்டாம். ஆனால் யுங்ஃபிராவ்யோக் பனிமலைக்குப் போக கிரிண்டெல்வால்டு ஊருக்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடிதான். ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் அங்கேயும் பாதிக் கட்டணம், ஒரு மாதம் செல்லும். இங்கேதான் குழம்பி நிற்கிறேன். 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டிலுமே ஃபேமிலி கார்டு இலவசம், அதனால் பெரியவர்கள் கணக்கு மட்டும்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் மெஷின் முன்னால் நிற்க வைக்க மனசு வரவில்லை. படகு வந்தால் நேராக ஏறி உட்கார வேண்டும். எனக்கோ பிரியென்ஸ் ரோட்ஹார்ன் மலைக்குப் போகும் நீராவி ரயிலில் ஏறியே ஆக வேண்டும். நம்ம ஊட்டி ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் முறைப் பல்சக்கரம்தான் அதிலும்!

இன்டர்லாகன் வட்டாரத்துக்கான பெர்னர் ஓபர்லாந்து பாஸ் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மலை மூடாக்குப் போட்டுவிட்டால் அந்த நாளை என்ன செய்தீர்கள்? வயசானவர்களோடு போய் வந்த அண்ணன்மார், அக்காமார் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்குமுங்க.