மறு: என்ஜின் சிசிக்குத் தமிழ் – உந்துபருமன்?

> கொள்ளளவு போதுமே. ஆர்.சி. புத்தகத்திலும் ‘க்யூபிக் கெப்பாசிட்டி’ என்றுதானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கின் விவரத்தாளைத் தமிழாக்கிப் பாருங்கள், இரண்டு கொள்ளளவு வந்து நிற்கும்: என்ஜினுக்கு 97.2 சிசி (கன சென்டிமீட்டர்), டேங்குக்கு 9.8 லிட்டர். டேங்கில் கொள்வது 9.8 லிட்டர்தான். சிலிண்டரிலோ 97.2க்கு மேலேயே கொள்ளும். பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் தலைக்கு மேல் ஏறத்தாழ 11 சிசி இடம் மிஞ்சும். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்), அந்தத் தூரத்தில் பிஸ்டன் தள்ளும் இடம் மட்டும்தான் 97.2. சிலிண்டர் பிளாக்கைப் போர் அடித்து, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்கி, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 99ஐத் தாண்டிவிடும், ஆர்.சி.யில் என்ன இருந்தாலும்.

> இடப்பெயர்ச்சி?

ஆங்கிலத்தில் ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்றாலும் வேண்டாம். பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி திசையோடு மீட்டரில் அளப்பது. கன சென்டிமீட்டரில் கொடுத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

என் பரிந்துரை: உந்துபருமன். பிஸ்டனை உந்துதண்டு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பருமன் வேதியியலில் பழகிய சொல். ஒர்க்‌ஷாப்பில் சிசி என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும்.

இந்தச் சொல்லின் வரையறையில் ‘இது திறனின் அளவு அன்று’ என்று ஒரு வரி அவசியம் வேண்டும். “எத்தனை சிசி?” என்று மட்டும் கேட்டு வண்டி எடுப்பவர்கள் ஏராளம். டிவிஎஸ் மொபெட் எக்ஸ்எல் 100க்கு 99.7 சிசி, ஸ்ப்ளெண்டரைவிடப் பெரிது, திறனோ 4.3 குதிரைத்திறன். ஸ்ப்ளெண்டர் கிட்டத்தட்ட 8 தரும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (349 சிசி) 20 குதிரைத்திறன், பழைய கேடிஎம் டியூக் 390 (373 சிசி) 43. காரணம் உந்துபருமனைப் போருக்கும் ஸ்ட்ரோக்குக்கும் எப்படிப் பங்கிட்டிருக்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது. கிளாசிக்குக்கு போர் 72, ஸ்ட்ரோக் 85.8. டியூக்குக்கு 89, 60. ஸ்ட்ரோக் குட்டையானால் என்ஜினை வேகமாகச் சுற்றவிடலாம், திறன் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறினால்தான் கிடைக்கும். கிளாசிக் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகிறவருக்கு அது சுகம். டவுனுக்குள் வேலைக்குப் போய்வர என்னைக் கேட்டால் 100–125 தாராளம். பைபாஸில் டபுள்ஸில் தினமும் போகிறவர் 150க்குக் கீழே பார்க்க வேண்டாம்.

அடுத்து போர், ஸ்ட்ரோக். முதலாவதற்குத் துளைவிட்டம் எனக்குச் சம்மதம். இரண்டாவதற்கு ‘வீச்சு’ என்றால் இயற்பியலில் அலையின் வீச்சோடு மோதுகிறது. ஸ்ட்ரோக்குக்கு உந்துநீளம் சரிவருமா, வேறு யோசனை இருக்கிறதா?