மின்மஸில் துள்ளிக் கவிழும் கலம்: கால்களை மாற்ற வேண்டுமா?

வால்வெள்ளி:
கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் நான் கட்டிய தரையிறங்கு கலம் அதிலுள்ள மன் நிலவில் சிக்கலின்றி நிற்கிறது. அதே கலம் மின்மஸ் என்ற இன்னொரு நிலவின் சமவெளியில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் இறங்கினாலும், தரை தொட்டதும் மேலே எழும்பி, அந்தரத்திலேயே தலைகுப்புறத் திரும்பி விழுகிறது. இருப்பவை நான்கு எல்டி-1 கால்கள், எதுவும் உடைவதில்லை. கலத்தின் திசையைத் தானாகப் பிடித்துவைக்கும் எஸ்ஏஎஸ்-ஐ ரெட்ரோகிரேடில் வைத்தே இறங்குகிறேன். பெரிய எல்டி-2 கால்களைப் பொருத்தினால் தீருமா?

உந்துவிசை:
கால் உடையவில்லை என்றால் பெரிய கால் தேவையில்லை, எடைதான் கூடும். மின்மஸின் ஈர்ப்பு முடுக்கம் 0.49 மீ/நொ² மட்டுமே, மன்னில் அது 1.63. கால்களின் ஸ்பிரிங் கலத்தை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் திருப்பி உதைத்தால், மன்னில் அது சுமார் 30 செ.மீ. எழும்பி ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தரைக்கு வந்துவிடும். மின்மஸிலோ ஒரு மீட்டர் உயரம் எழும்பி நான்கு நொடி அந்தரத்தில் நிற்கும். அப்பல்லோ நிலவுக் கலத்தின் கால்களுக்குள் நசுங்கும் அலுமினியத் தேன்கூடு இருந்ததால் அதிர்ச்சி அங்கேயே அடங்கியது. இந்த விளையாட்டின் கால்களுக்கு அந்த வசதி இல்லை. அமைப்புகளில் அட்வான்ஸ்டு ட்வீக்கபிள்ஸை (பாகங்களின் கூடுதல் அமைப்புகளைக் காட்டும் வசதி) இயக்கிவிட்டு, காலை வலது சொடுக்கி, துள்ளலை அடக்கும் டேம்பரைக் கூட்டிப் பாருங்கள்.

சாய்தளம்:
டேம்பர் உதவும்தான், ஆனால் கவிழ்வதற்குக் காரணம் அது அல்ல. ரெட்ரோகிரேட் என்பது செல்லும் திசைக்கு நேர் எதிர்த்திசை. கலம் எழும்பிய கணத்தில் அது மேல்நோக்கிச் செல்கிறது. ஆகவே ரெட்ரோகிரேட் குறி தரைப்பக்கம் புரண்டுவிட, எஸ்ஏஎஸ் சொன்ன சொல் தவறாமல் கலத்தின் மூக்கைக் கீழே திருப்புகிறது. அதற்கு நான்கு நொடி தாராளம். கடைசிச் சில மீட்டரில், பக்கவாட்டு வேகம் அடங்கியதும், எஸ்ஏஎஸ்-ஐ ரேடியல் அவுட்டுக்கு, அதாவது தரையிலிருந்து நேர் மேலே நோக்கும் நிலைக்கு, மாற்றிவிடுங்கள். எவ்வளவு துள்ளினாலும் மூக்கு வானத்தையே பார்த்திருக்கும். பக்கவாட்டு வேகத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 2024 பிப்ரவரியில் நிலவில் இறங்கிய ஒடிசியஸ் கலம் பக்கவாட்டில் நகர்ந்தபடி தரை தொட்டுத்தான், கால் முறிந்து சாய்ந்தது.

வால்வெள்ளி:
ரேடியல் அவுட்டில் நிமிர்ந்தே நின்றது, நன்றி. எடையைக் குறைக்க மூன்று கால்களோடு நிறுத்திக்கொள்ளலாமா?

சாய்தளம்:
சமவெளியில் மட்டும் இறங்குவதானால் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆனால் கலம் கவிழ்வது இரண்டு பாதங்களை இணைக்கும் கோட்டைத் தாண்டித்தான். மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள தூரம், பாதத்துக்குள்ள தூரத்தில் மூன்று கால்களுக்குச் சரிபாதி, நான்கு கால்களுக்குச் சுமார் 71 சதவீதம். சரிவில் இறங்கும் எண்ணமிருந்தால் நான்கையும் வைத்துக்கொண்டு, அவற்றை நடுத் தொட்டியில் ஒட்டாமல் பக்கத் தொட்டிகளின் வெளிப்புறத்தில் பொருத்துங்கள். விரித்த நிலையில் பாதங்கள் எஞ்சின் முனையைவிடத் தாழ்ந்திருக்கின்றனவா என்பதையும் கட்டும்போதே பார்த்துவிடுங்கள்.