புதுப்பிப்பு: எல்டிஹெச் 612, கேஎல்-6 அசையவில்லை. காரணம் கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஐஎல்டி (நுரையீரல் திசு அழற்சியால் தடித்து வடுவாகும் நோய்கள்) நோயாளிக்கு நான்கு நாளில் மூச்சுத்திணறல் கூடியது, எல்டிஹெச் (செல்கள் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) 612, கேஎல்-6 (நுரையீரல் செல் பாதிப்பில் ரத்தத்தில் கூடும் புரதம்) மட்டும் மூன்று மாதம் முந்தைய அளவிலேயே. இதை ஐஎல்டியின் திடீர்த் தீவிரமடைதலாக எடுத்து, முன்கணிப்பு மோசம் என்று சொல்லலாமா?

"முதலில் பொட்டாசியத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 5.9 இருந்தது. குழாயில் சீரம் இளஞ்சிவப்பு. ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணு உடைந்து, உள்ளிருந்த எல்டிஹெச்சும் பொட்டாசியமும் கலந்துவிட்டன. 21 கேஜ் ஊசி போட்டு, சிரிஞ்சை வலிந்து இழுக்காமல் திரும்ப எடுத்ததில் எல்டிஹெச் 238, பொட்டாசியம் 4.3.

எதிர்பாராதது, என்டி-புரோபிஎன்பி (இதயத்துக்குச் சுமை கூடினால் ரத்தத்தில் ஏறும் பொருள்) எகிறியிருந்தது. சிடியில் புதிய கிரவுண்ட் கிளாஸ் (தீவிரமடைதலில் நுரையீரலில் தெரியும் மங்கலான வெண்மை) இல்லை. இருபக்கமும் நுரையீரல் உறையில் நீர். தீவிரமடைதலுக்கான 2016 சர்வதேச வரையறை, இதய செயலிழப்பால் முழுதும் விளங்கும் திணறலை அதில் சேர்ப்பதில்லை. ஃபுரோசமைடில் (சிறுநீராக நீரை வெளியேற்றும் மருந்து) இரண்டே நாளில் திணறல் தணிந்தது. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை, நல்லவேளை.

இன்னொன்று: கேஎல்-6க்கு 500 யூனிட் என்ற எல்லை நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான். திடீர் மோசத்தில் அதே கிட்டில் எடுத்த நோயாளியின் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். சில புற்றுநோய்களிலும் அது ஏறும்.