விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஒரே கோட்: லாசரஸ் சரிப்படுமா?

கேள்வி:
பில்லிங் மென்பொருள் எழுத வேண்டும். கடைகளில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் 10 கணினிகள், சிலவற்றில் லினக்ஸ். சர்வர் உபுண்டு. கருவி இலவசமாக இருக்க வேண்டும். சோர்ஸ் கொடுக்காமல் விற்கவும் முடிய வேண்டும். வெப் பக்கம் போல டெஸ்க்டாப் மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரான் இந்த ரேமுக்குக் கனம். பாஸ்கல் மொழியில் மென்பொருள் எழுத உதவும் லாசரஸ் எடுக்கலாமா?

பதில் 1:
தாராளமாக எடுக்கலாம். கம்பைலரும் ஐடிஇ-யும் (கோட் எழுதும் திரை) ஜிபிஎல் உரிமம், அதாவது அவற்றை மாற்றி வெளியிட்டால் சோர்ஸையும் தர வேண்டும். உங்கள் எக்ஸிக்குள் போகும் எல்சிஎல் நூலகமோ (விண்டோ, பட்டன் போன்றவற்றைத் தருவது) விதிவிலக்கு சேர்த்த எல்ஜிபிஎல், ஜிபிஎல்லைவிடத் தளர்வான உரிமம். ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தாலும் (நூலகத்தை எக்ஸிக்குள்ளேயே சேர்த்தாலும்) உங்கள் சோர்ஸைத் தர வேண்டாம். எல்சிஎல்லையே திருத்தினால் அந்தத் திருத்தத்தைத் தர வேண்டும்.

ஜாவா, டாட்நெட் போல ரன்டைம் எதுவும் தனியாகப் போட வேண்டியதில்லை. முதல் கம்பைலில் எக்ஸி 20 எம்பியைத் தாண்டினால் மிரளாதீர்கள், பெரும்பகுதி பிழை தேட உதவும் டீபக் தகவல்தான். பில்ட் மோடை ரிலீஸுக்கு மாற்றினால் சில எம்பிக்கு இறங்கிவிடும்.

விண்டோஸிலிருந்தே லினக்ஸுக்குக் கிராஸ் கம்பைல் செய்யலாம். ஆனால் பின்யூட்டில்ஸ் (லிங்கர் போன்ற கருவிகள்), லினக்ஸ் நூலகங்கள் எல்லாவற்றையும் தேடிச் சேர்க்கும் நேரத்தில், விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போட்டு அதே புராஜெக்டைத் திறந்து கம்பைல் செய்துவிடலாம். வாடிக்கையாளரிடம் இருப்பதிலேயே பழைய லினக்ஸ் பதிப்பை அதில் போடுங்கள். புதியதில் கம்பைல் செய்ததைப் பழையதில் ஓட்டினால் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) பதிப்பு போதாது என்று நின்றுவிடும்.

பதில் 2:
சர்வருக்குக் கம்பைலரோடு வரும் எஃப்பிவெப் (வெப் சர்வர் எழுத உதவும் நூலகம்) போதும். 8080 போர்ட்டில் ஓடவிட்டு, வரும் கோரிக்கைகளை அதற்கு அனுப்ப முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வையுங்கள்.

லினக்ஸில் த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) தொடங்கியதும் ரன்டைம் எரர் 232 வந்தால் சித்ரெட்ஸ் யூனிட் விடுபட்டிருக்கிறது. மெயின் புரோகிராமின் யூசஸ் வரியில் அதுதான் முதலில் வர வேண்டும், யுனிக்ஸ் இஃப்டெஃபுக்குள் (லினக்ஸ் போன்றவற்றில் மட்டும் சேரும்படி). விண்டோஸில் அது இல்லாமலே த்ரெட் ஓடும். அதனால் அங்கே எவ்வளவு சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் என்றால் விண்டோஸில் அதன் டிஎல்எல் கோப்பை எக்ஸி பக்கத்திலேயே வையுங்கள். 32 பிட் எக்ஸிக்கு 32 பிட் டிஎல்எல்தான். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் டேட்டாபேஸுக்குத் தனி கனெக்‌ஷன் திறங்கள், ஒன்றையே பகிர வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. சின்னதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். பொருளின் தமிழ்ப் பெயரைக் காப்பி ஃபங்ஷனில் (ஸ்ட்ரிங்கில் ஒரு பகுதியை எடுப்பது) 20-க்கு வெட்டினால் கடைசியில் குப்பை எழுத்து வருகிறது. ஏன்?

பதில் 1:
லாசரஸில் ஸ்ட்ரிங் யுடிஎஃப்-8, அதாவது யுனிகோட் எழுத்தைப் பைட்டுகளாக வைக்கும் முறை. காப்பி, லெங்த் இரண்டும் பைட்டைத்தான் எண்ணும். அதில் தமிழ் யுனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 20-இல் ஆறு முழுதாக அடங்கி, ஏழாவது இரண்டு பைட்டோடு அறுந்துபோகிறது. லேஸ்யுடிஎஃப்8 யூனிட்டில் உள்ள யுடிஎஃப்8காப்பியைப் பயன்படுத்துங்கள், அது குறியீட்டை எண்ணும்.

அதோடு முடியவில்லை. 'கொ' என்பது 'க', அதன் உயிர்க்குறி என இரண்டு குறியீடு. நடுவில் வெட்டினால் 'க' மட்டும் மிஞ்சி, பெயரே வேறாகிவிடும். வெட்டும் இடத்துக்கு அடுத்தது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் ஒரு குறியீடு பின்னால் போய் வெட்டுங்கள். பில்லில் பத்தி நேராக நிற்கவும் எழுத்தை எண்ணாதீர்கள். 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமில்லை. கேன்வாஸின் (வரையும் பரப்பு) டெக்ஸ்ட்வித் ஃபங்ஷனில் அகலத்தை அளந்து வெட்டுவதுதான் சரி.