டாலஸின் வடக்கே குடியேற எந்த ஊர்?

கேள்வி:
வரும் கோடையில் வேலை நிமித்தம் டாலஸுக்குக் குடிபெயர்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. பிளேனோ, பிரிஸ்கோ, ஆலன் ஆகிய மூன்றில் பாதுகாப்பும் நல்ல அரசுப் பள்ளியும் ஒருங்கே அமைவது எங்கே என்று அங்கு வசிப்பவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
ஊர்ப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். டெக்சாஸில் நகர எல்லையும் பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) எல்லையும் ஒன்றல்ல. பிரிஸ்கோ நகருக்குள்ளேயே சில வீடுகள் பிராஸ்பர், லூயிஸ்வில் மாவட்டங்களில் வருகின்றன, பிளேனோ, மெக்கின்னி நகரங்களின் சில பகுதிகளோ பிரிஸ்கோ மாவட்டத்தில் சேர்கின்றன. எனவே முன்பணம் கட்டுமுன் வீட்டு முகவரியை மாவட்ட இணையதளத்தில் இட்டு, எந்தப் பள்ளி என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டு முகவர் சொல்வது போதாது.

பதில் 2:
பள்ளியின் அமைப்பையும் பாருங்கள். பிளேனோவில் 9, 10 வகுப்புகள் ஒரு பள்ளியிலும் 11, 12 வகுப்புகள் வேறொரு பெரிய பள்ளியிலும் நடக்கின்றன. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இடையில் மாறுவது சிரமம். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் பிளேனோ பள்ளி மாவட்டம் 2025இல் நான்கு பள்ளிகளை மூடியது. ஆகவே பக்கத்துப் பள்ளி நிலைக்குமா என்றும் விசாரியுங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று மகிழ வேண்டாம், சொத்து வரி அதை ஈடுகட்டிவிடும்!

பதில் 3:
பாதுகாப்பைப் பொறுத்தவரை மூன்றுமே அமைதியான ஊர்கள்தாம். என் யோசனை, முதலாண்டு வாடகைக்கு இருங்கள். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் நடந்து வீடு திரும்புகிறார்களா, சாலையைக் கடக்க உதவும் காவலர் நிற்கிறாரா என்று பார்த்தபின் வாங்குங்கள்.