ஜிடிஎஸ் முதல் லிஸ்ட்டில் என் நம்பர் இல்லை, அவ்வளவுதானா?

கரிசல் பையன்:
மார்ச் 2025 ஜிடிஎஸ், அதாவது கிராம அஞ்சல் ஊழியர் வேலைக்கான முதல் மெரிட் லிஸ்ட் வந்த நேரத்திலிருந்து போனையே கீழே வைக்கவில்லை. பத்தாவதில் 472, அதாவது 94.4 சதவீதம், ஓபிசி. பிப்ரவரியில் ஊர் நெட் சென்டரில்தான் அப்ளை செய்தேன், 100 ரூபாய் பீஸ் கட்டிய ரசீது இருக்கிறது. அதில் உள்ள நம்பரைப் போட்டு தமிழ்நாடு பிடிஎஃபில் மூன்று தடவை தேடிவிட்டேன், ஒன்றும் வரவில்லை. பெயரைப் போட்டாலும் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் 2,292 இடம் என்றார்கள், 94க்கு மேல் வைத்திருந்தும் ஒரு மூலையில் கூட இடமில்லையா? என் ரேங்க் என்ன என்று எங்கே பார்ப்பது? இன்று காலையில் ஒருவர் போன் செய்து, "உங்கள் பெயர் வெயிட்டிங்கில் இருக்கிறது, கொஞ்சம் செலவு செய்தால் மேலே ஏற்றிவிடலாம்" என்கிறார். அப்பா வேறு யாரிடமாவது கைமாற்று கேட்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் அப்பாவைக் கடன் கேட்காமல் உட்காரச் சொல்லுங்கள் ப்ரோ. வெயிட்டிங் லிஸ்ட் என்று ஒன்று வெளியிடுவதே இல்லை, அப்புறம் எதில் மேலே ஏற்றுவார்? பரீட்சையும் கிடையாது, இண்டர்வியூவும் கிடையாது. பத்தாம் வகுப்பு சதவீதத்தை நான்கு தசமம் வரை கணக்குப் போட்டு கம்ப்யூட்டரே பிரித்துவிடுகிறது. அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு ஒரு புகாரும் கொடுங்கள்.

அப்புறம் நீங்கள் தேடிய விதமே தப்பு. அந்த பிடிஎஃபில் பெயரே இருக்காது. வரிசை எண், அஞ்சல் கோட்டம், ஆபீஸ், போஸ்ட், எந்தப் பிரிவுக்கான இடம், ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், சதவீதம், எந்த அதிகாரியிடம் சான்றிதழ் காட்ட வேண்டும், இவ்வளவுதான் இருக்கும். நீங்கள் போட்டது பணம் கட்டிய ரசீது நம்பர் என்று நினைக்கிறேன். ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் அப்ளிகேஷன் பிரிண்ட்டில் இருக்கும், அதைப் போட்டுத் தேடுங்கள். அதைவிட நல்ல வழி, நம்பரையே மறந்துவிட்டு உங்கள் கோட்டத்தின் பக்கத்துக்குப் போய், நீங்கள் விருப்பம் கொடுத்த ஆபீஸ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு ஆபீஸுக்கு எதிரே 97.4000 என்று இருந்தால், அது 487 மார்க் எடுத்தவர் வாங்கிய இடம். ரேங்க் என்று தேடுகிறீர்களே, அது இதில் கிடையாது. மாநிலம் முழுக்க ஒரே கட்ஆஃப் என்பதும் கிடையாது. ஒரு ஆபீஸில் இருக்கும் ஒரு இடத்துக்கு யார் யார் போட்டார்களோ அவர்களுக்குள் மட்டும்தான் போட்டி. பக்கத்து ஊரில் 92க்குக் கிடைத்திருக்கும், உங்கள் ஊரில் 98க்கே கிடைத்திருக்காது.

தென்காசி அக்கா:
தம்பி, அப்ளை செய்யும்போது யாருடைய மொபைல் நம்பர் கொடுத்தீர்கள்? இதை ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு நெட் சென்டர்காரர் ஓடிபி சட்டென்று வரட்டும் என்று அவர் நம்பரையே போட்டுவிட்டார். நான் செலக்ட் ஆன எஸ்எம்எஸ் அவர் போனுக்குப் போய், ஆயிரம் மெசேஜுக்கு நடுவில் கிடந்தது. சரிபார்ப்புக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் என் தம்பி சும்மா பிடிஎஃபைத் தள்ளிக்கொண்டிருந்தவன் பார்த்துச் சொன்னான். மருத்துவச் சான்றுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க நின்றேன்.

ஓபிசி என்று போட்டிருக்கிறீர்களே, கையில் இருப்பது என்ன சான்றிதழ்? நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழைக் கொண்டுபோனால் அங்கே போதாது. மத்திய அரசு வேலைக்கென்று தனி ஓபிசி சான்றிதழ், கிரீமி லேயர் (வசதி கூடிய பிரிவு) இல்லை என்ற வாசகத்தோடு தாசில்தார் கொடுத்தது வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருக்கிற எல்லாமே அதில் இருக்காது. என்னோடு வரிசையில் நின்ற ஒரு பெண் 96 வைத்திருந்தாள், பச்சை லேமினேஷன் போட்ட பழைய சான்றிதழை நீட்டினாள், பார்த்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையிலேயே வைத்துவிட்டார். அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய பிபிஎம்:
பதினோரு வருஷமாக பிபிஎம், அதாவது கிளை போஸ்ட்மாஸ்டராக அஞ்சலகம் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன். முதல் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மனசு விடக் கூடாது. 98, 99 எடுத்த பிள்ளைகள் பாதிப் பேர் காலேஜில் இருப்பார்கள். சதவீதத்தைப் பார்த்துப் போட்டிருப்பார்கள், வேலையைப் பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். பிபிஎம் என்றால் ஆரம்பம் மாதம் 12,000, அவருக்கு உதவியாளரான ஏபிபிஎம், தபால் வேலை பார்க்கும் டாக் சேவக் என்றால் 10,000, அதற்கு மேல் பஞ்சப்படி. தினம் நான்கு மணி நேர வேலைதானே என்று வந்து பார்ப்பார்கள். பிபிஎம்முக்கு அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், ஆபீஸ் நடத்த இடமும் நாமே காட்ட வேண்டும் என்றதும் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆபீஸுக்கு வந்த பையனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, ஒரு வாரம் ஊர்ப் பிள்ளைகள்தான் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் அவனும் போய்விட்டான்.

சேராமல் விட்ட இடமெல்லாம் இரண்டாவது, மூன்றாவது லிஸ்ட்டில் அடுத்த சதவீதக்காரருக்கு இறங்கும். அதனால் 94.4க்குக் கதவு மூடிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கிடைத்தே தீரும் என்றும் சொல்ல மாட்டேன், நீங்கள் எந்த ஆபீஸ்களுக்கு விருப்பம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. டவுனை ஒட்டின ஆபீஸ்களை மட்டும் போட்டிருந்தால் கஷ்டம்தான்.

கரிசல் பையன்:
எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சொன்னது சரி, நான் தேடியது ரசீது நம்பர்தான்! சைக்கிளை எடுத்துக்கொண்டு நெட் சென்டருக்குப் போனேன், பிரிண்ட்டை வாங்கி ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரைப் போட்டேன், அதுவும் லிஸ்ட்டில் இல்லை. ஆனால் இப்போது விவரம் தெரிகிறது. நான் விருப்பம் கொடுத்தது ஆறு ஆபீஸ். ஐந்து 97க்கு மேல் போய்விட்டது. ஆறாவது, பஸ் இரண்டு தடவை மட்டும் வருகிற ஊர், ஓபிசி இடம், 95.8000க்குப் போயிருக்கிறது. ஏழே ஏழு மார்க். மொபைல் நம்பர் என்னுடையதுதான், அந்த மட்டும் தப்பித்தேன்.

அக்கா, நீங்கள் கேட்ட சான்றிதழ் என்னிடம் இல்லை. பச்சை லேமினேஷன்தான் இருக்கிறது.

தென்காசி அக்கா:
இன்றைக்கே இ-சேவை மையத்தில் போடுங்கள் தம்பி. விஏஓ, ஆர்ஐ எல்லாம் தாண்டித்தான் தாசில்தாரிடம் போகும், நடுவில் லீவு வந்தால் அங்கேயே படுத்துவிடும். இரண்டாவது லிஸ்ட்டில் வந்தபிறகு ஓடினால் நாள் பற்றாது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆறாவது ஊரில் 95.8 எடுத்தவர் சேருவாரா என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள், ப்ளீஸ். போன தடவை ஒருத்தர் அப்படிப் போய் வீட்டையே கண்டுபிடித்துவிட்டார்.

கரிசல் பையன்:
ஹாஹா, அந்த எண்ணம் வந்தது உண்மை. போகவில்லை. இ-சேவையில் போட்டாகிவிட்டது, ரசீதை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அந்தப் போன்காரர் மறுபடியும் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார், அப்பாவே எடுத்து, "எந்த ஆபீஸ், சதவீதம் எத்தனை, சொல்லுங்கள்" என்று கேட்டார். கட் செய்துவிட்டார்.